இருபது கிலோ ஏலக்காய்க்கு ஒரே ஒரு பை

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சு பெரியவர்களுக்கு ஆகாது. உட்கார்ந்தால் முழங்கால் மேசையில் முட்டும், எழுந்தால் சேலை ஆணியில் மாட்டும். பெற்றோரைப் பாடம் பார்க்கக் கூப்பிட்டிருந்த அன்று, அந்தப் பெஞ்சுகளில்தான் நானும் இன்னும் சில அம்மாக்களும் ஒடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பங்குனி வெயில். தலைக்கு மேலே மின்விசிறி கடமைக்குச் சுற்றிக்கொண்டிருந்தது, காற்று மட்டும் வரவில்லை.

கரும்பலகைக்குப் பக்கத்தில் மும்தாஜ் டீச்சர் நின்றிருந்தார். போடியில் அந்தச் சின்னப் பள்ளிக்கூடத்துக்கு அவர்தான் தலைமை. பிள்ளைகள் ‘பெரிய டீச்சர்’ என்பார்கள், பிள்ளைகளைப் பார்த்து நாங்களும் அப்படியே கூப்பிடுவோம். ஆங்கில வழிப் பள்ளிதான் என்றாலும், வந்திருக்கும் அம்மாக்களுக்கும் புரியட்டும் என்று அன்று தமிழிலேயே கணக்குப் போட்டார்.

“ஒரு தோட்டத்துல இருபது கிலோ ஏலக்காய் பறிச்சாங்க. ஒரு பைக்கு நாலு கிலோ போடலாம். மொத்தக் காய்க்கும் எத்தனை பை வேணும்? தர்ஷினி, நீ சொல்லும்மா.”

தர்ஷினி என் மகள். எழுந்து நின்றாள். விரலை மடக்கவில்லை, விட்டத்தைப் பார்க்கவில்லை.

“ஒரு பை போதும் டீச்சர்.”

வகுப்பே சிரித்தது. வகுப்பாசிரியை அனிதா மிஸ் கண்ணை மூடித் திறந்தார். எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மா, என்னைப் பார்க்காமல் இருப்பதற்குப் பெரும் பாடு பட்டார்.

அவள் நான்காம் வகுப்புக்குப் போவதா, மூன்றாம் வகுப்பிலேயே இன்னொரு வருடம் உட்காருவதா என்பதை அன்றைக்கு அவள் சொல்லும் பதில்களைப் பார்த்துத்தான் முடிவு செய்யப்போகிறார்கள் என்பது அந்த வகுப்பில் நான்கு பேருக்குத் தெரியும். பெரிய டீச்சருக்கு, அனிதா மிஸ்ஸுக்கு, எனக்கு, தர்ஷினிக்கு.

காலண்டர் பார்த்து வலிக்கும் வயிறு

இந்தக் கதை வயிற்றுவலியில் தொடங்கியது.

மழைக்காலம் முடிந்த பிறகு, காலையில் இட்லித் தட்டை வைத்ததும் தர்ஷினி வயிற்றைப் பிடித்துக்கொள்வாள். பூச்சி மருந்து கொடுத்தேன். ஓம வாட்டர் கொடுத்தேன். மருத்துவரிடம் கூட்டிப்போனேன், அவர் அமுக்கிப் பார்த்துவிட்டு “ஒண்ணுமில்லம்மா” என்றார். ஒன்றுமில்லாத வயிறு மறுநாளும் வலித்தது. ஆனால் சனி, ஞாயிறு வலிக்கவே வலிக்காது. காலண்டர் பார்த்து வலிக்கிற வயிற்றை நான் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

விசாரித்ததில், பள்ளியில் முதல் பாடவேளை வாய்ப்பாடு. எங்கள் காலத்தில் “ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு” என்று பாடினோம். இப்போது “செவன் ஒன் சா செவன், செவன் டூ சா ஃபோர்ட்டீன்” என்கிறார்கள். ராகம் அதேதான். கூட்டத்தோடு பாடும்போது தர்ஷினியும் வாயசைத்துவிடுவாள். தனியாக எழுப்பிவிட்டால் மூன்றாவது வரியில் நின்றுவிடும்.

அனிதா மிஸ் கெட்டவர் இல்லை, இதைச் சொல்லிவிட வேண்டும். ஒருநாள் சாயங்காலம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “நல்ல புள்ளதான்க்கா. ஆனா டேபிள்ஸ் மட்டும் ஏறவே மாட்டேங்குது. இன்னொரு வருசம் மூணாப்புலயே இருந்தா நல்லாப் பிடிச்சுக்கிருவா. நான் பெரிய டீச்சர்ட்ட சொல்லியிருக்கேன். கடைசியா ஒருக்கா அவங்களே கேட்டுப் பாத்துட்டு முடிவு சொல்லுவாங்க” என்றார். பிள்ளை காதில் விழக்கூடாது என்று மெதுவாகத்தான் சொன்னார். விழுந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் தர்ஷினி என் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். பக்கத்து வீட்டு சுமையாவும் அவளும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு.

“அம்மா, சுமையா நாலாப்பு போயிட்டா நான் யாரு கூட உக்காருவேன்?”

மிஷினை வேகமாக மிதித்தேன். அன்று தைத்த ஜாக்கெட்டின் கைத் தையல் கோணலாகப் போய், பிரித்துத் தைத்தேன்.

மறுநாளிலிருந்து தலை சீவும்போதே பாடம் தொடங்கியது.

“ஏழெட்டு அம்பத்தாறு. சொல்லு.”

“அம்பத்தாறாம்மா? ஏன் அம்பத்தாறு?”

“ஏன்னா அம்பத்தாறுதான்.”

“யாரு சொன்னா?”

“எங்க டீச்சர் சொன்னாங்க.”

“அவங்களுக்கு யாரு சொன்னா?”

சீப்பாலேயே மண்டையில் ஒரு தட்டு தட்டினேன். எட்டு மணிக்கு வேன் வந்துவிடும், அந்த நேரத்தில் இந்த வம்சாவளியை எல்லாம் யார் தேடிக்கொண்டிருப்பது?

சோப்பு டப்பா வாங்கியவள்

என் கோபத்துக்கு ஒரு காரணம் இருந்தது. நான் வாய்ப்பாட்டில் ராணி. பள்ளிக்கூடத்தில் காலைப் பிரார்த்தனையின்போது பதினாறாம் வாய்ப்பாட்டை மூச்சு விடாமல் ஒப்பித்து ஒரு சோப்பு டப்பா பரிசு வாங்கியிருக்கிறேன். பச்சை நிறம். மூடி உடையும்வரை வைத்திருந்தேன். அப்படிப்பட்டவள் வயிற்றில் பிறந்துவிட்டு இவள் ஏழெட்டுக்கு முழிக்கிறாளே என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

ஆனால் அந்த ராணியின் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். பதினாறை ஏழால் பெருக்கினால் என்ன என்று நடுவில் கேட்டால் எனக்கு வராது. ஓர் பதினாறு பதினாறு என்று முதலிலிருந்து ஓடி வர வேண்டும். போன வாரம் இதே பத்தியில் என் வீட்டுக்காரரின் பழைய ஜீப்பைப் பற்றி எழுதியிருந்தேன், மேட்டில் நிறுத்தி உருட்டிவிட்டால்தான் கிளம்பும் என்று. அதைப் படித்துவிட்டு மனிதர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அவர் ஆறுதலுக்காகச் சொல்கிறேன், என் வாய்ப்பாடும் அந்த ஜீப்பு மாதிரிதான்.

கல்யாணத்துக்கு முன்னால் சிலமலையில் ஒரு அக்காவிடம் தையல் பழகப் போனேன். ஜாக்கெட் வெட்டுவதற்கு மார்பு அளவில் நான்கில் ஒரு பங்கு எடுக்க வேண்டும். முப்பத்தாறு இஞ்சு என்றால் எனக்குக் கவலையில்லை. நாலாம் வாய்ப்பாட்டில் ஓடி, ஒன்பதில் போய் நின்றுவிடுவேன். ஒருநாள் முப்பத்தெட்டு இஞ்சுக்காரர் ஒருவர் வந்தார். ஓடினேன். நாலொம்பது முப்பத்தாறு, நால்பத்து நாற்பது. முப்பத்தெட்டு அதில் இல்லவே இல்லை. துணியை விரித்துப் போட்டுக்கொண்டு, கையில் சாக்குக்கட்டியோடு திருதிருவென்று முழித்தேன்.

“என்ன புள்ள, சாமி வந்த மாதிரி நிக்கிற?” என்றார் அக்கா.

“நாலாம் வாய்ப்பாட்டுல முப்பத்தெட்டு வரலக்கா.”

அக்கா சிரித்த சிரிப்பில் தெருவே எட்டிப் பார்த்தது. பிறகு டேப்பை என் கையில் கொடுத்து, முப்பத்தெட்டில் பிடித்து இரண்டாக மடிக்கச் சொன்னார். திரும்பவும் மடிக்கச் சொன்னார். ஒன்பதரை வந்தது. அன்றிலிருந்து இன்றுவரை டேப்பை மடித்துத்தான் வெட்டுகிறேன். ஏன் அப்படி வருகிறது என்று மட்டும் நான் யோசித்ததே இல்லை. வெட்டு சரியாக இருந்தால் போதும் என்று இருந்துவிட்டேன்.

காயெல்லாம் எங்கே போச்சு

என் வீட்டுக்காரர் ஜீப்பு ஓட்டுகிறார். விடிகாலையில் போடியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு மலைத் தோட்டங்களில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டிவருவார். அவருடைய அக்கா, அதாவது என் நாத்தனார் ராசாத்தி, குரங்கணிக்கு மேலே ஒரு தோட்டத்தில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை பார்க்கிறார். காய் எடுப்பு நடக்கும் மாதங்களில், பள்ளி விடுமுறை என்றால் தர்ஷினி அப்பாவின் ஜீப்பில் ஏறி அத்தையிடம் போய்விடுவாள். மலைக்குப் போகிற அன்றைக்கும் வயிறு வலிக்காது.

முதல் தடவை போனபோது அங்கே தங்கிவிட்டு, மூன்றாம் நாள்தான் வந்து சேர்ந்தாள். இடையில் மறுநாளே நாத்தனார் போனில் சிரித்துக்கொண்டே சொன்னார்.

“ஏ ஜோதி, ஒம்மக இங்க வந்து பெரிய பஞ்சாயத்துப் பண்ணிட்டா. நேத்து மூட மூடயாப் பச்சக்காயத் தட்டுல கொட்டுனதப் பாத்திருக்கா. காலையில காஞ்ச காய அள்ளும்போது பாத்துட்டு, ‘இவ்ளோதான் இருக்கு, மிச்சத்த யாரு எடுத்தா’ன்னு ஒரே அழுக. திருட்டுப் போயிருச்சாம்.”

யாரும் எடுக்கவில்லை, சூட்டில் தண்ணீர் போய்விட்டது, ஐந்து கிலோ பச்சைக்காய் காய்ந்தால் ஒரு கிலோதான் தேறும் என்று சொன்னதை இவள் நம்பவில்லை. தனக்கென்று கொஞ்சம் காயை எடை போட்டு, தனித் தட்டில் வைத்து, யாரையும் கிட்ட விடாமல் காவல் காத்திருக்கிறாள். காய்ந்த பிறகு திரும்ப எடை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தாளாம்.

அதற்குப் பிறகு வீட்டில் எதையும் நிம்மதியாகச் சமைக்க முடியவில்லை. கீரையை ஆய்ந்து வைத்தால், “இது வதங்குனா எம்புட்டும்மா வரும்?” என்பாள். வடகம் காயப்போட்டால் ஈரத்தில் எத்தனை கரண்டி, காய்ந்ததும் எத்தனை கரண்டி என்று பார்ப்பாள். துவைத்த துணியைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, சாயங்காலம் மடிக்கும்போதும் தூக்கிப் பார்ப்பாள். “போடி, போய் வாய்ப்பாட்டப் படி” என்று விரட்டிக்கொண்டிருந்தேன். இதெல்லாம் கணக்கு என்று எனக்கு எப்படித் தெரியும்?

பச்சையா, காஞ்சதா?

இனி அந்த வகுப்பறைக்குத் திரும்பிவிடலாம். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், தர்ஷினி நின்றுகொண்டிருந்தாள், என் கண் மேசை மீது கிறுக்கியிருந்த ஏதோ ஒரு பெயரில் ஒட்டிக்கொண்டிருந்தது.

பெரிய டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. “எப்படிம்மா ஒரு பை போதும்கிற?” என்றார்.

“பறிச்ச காய்ன்னா பச்சக்காய்தான டீச்சர். அதப் பையில கட்டி வச்சா அவிஞ்சு போயிரும். ஸ்டோருக்குக் கொண்டு போயித் தட்டுலதான் கொட்டுவாங்க. இருபது கிலோ காஞ்சா நாலு கிலோதான் வரும். அதுக்கு எதுக்கு அத்தன பை?”

சிரிப்பு நின்றுவிட்டது. பின் பெஞ்சிலிருந்த ஓர் அம்மா, காய் எடுப்புக்குப் போகிறவர், “புள்ள சரியாத்தான சொல்லுது” என்றார். அதற்கு இன்னொருவர், “நல்லா முத்துன காய்ன்னாத்தான் நாலு கிலோ. மழயில நனஞ்ச காய்ன்னா நாலு எங்கிட்டுத் தேறும்?” என்றார். “எங்க தோட்டத்துல தேறும்” என்று மூன்றாவது குரல் கேட்டது. கொஞ்ச நேரம் அது வகுப்பறையா ஏலச் சந்தையா என்று தெரியவில்லை. பெரிய டீச்சர் ஸ்கேலால் மேசையைத் தட்ட வேண்டியதாயிற்று. பிள்ளைகளை அடக்க அல்ல, எங்களை அடக்க.

“சரி தர்ஷினி. காய வைக்கவே வேணாம். பச்சக்காயவே நாலு நாலு கிலோவாப் பையில போட்டு ஸ்டோருக்குத் தூக்கிட்டுப் போறாங்க. இப்ப எத்தனை பை?”

“ரெண்டு பைக்கு எட்டு கிலோ. நாலு பைக்குப் பதினாறு. இன்னும் நாலு கிலோ இருக்கு. அஞ்சு பை டீச்சர்.”

அனிதா மிஸ் விடவில்லை. “இதத்தான் டீச்சர் சொன்னேன். எல்லாத்துக்கும் இப்படிச் சுத்திச் சுத்தி வர்றா. டேபிள்ஸ் தெரிஞ்சா ஒடனே சொல்லிரலாம்ல?” என்றார். அதுவும் நியாயம்தான்.

பெரிய டீச்சர் முன் பெஞ்சில் இருந்த நிதிஷை எழுப்பினார். அந்த வகுப்பின் வாய்ப்பாட்டு ராஜா அவன்தான். இருபது கிலோ என்று சொல்லி முடிப்பதற்குள், “ஃபோர் ஃபைவ் சா ட்வென்டி. அஞ்சு பை” என்று சொல்லிவிட்டான்.

“நல்லது கண்ணா. இருபத்திரண்டு கிலோ இருந்தா?”

நிதிஷ் ஓடினான். ஃபோர் ஃபைவ் சா ட்வென்டி, ஃபோர் சிக்ஸ் சா ட்வென்டி ஃபோர். நின்றான். திரும்ப முதலிலிருந்து ஓடி வந்து, அதே இடத்தில் நின்றான். கொஞ்சம் யோசித்துவிட்டு, “ட்வென்டி டூ வராது டீச்சர்” என்றான்.

எனக்குச் சிலமலை ஞாபகம் வந்தது. முப்பத்தெட்டு இஞ்சும், விரித்துப் போட்ட துணியும், கையில் சாக்குக்கட்டியும். எழுந்துபோய் அந்தப் பையன் தலையைத் தடவிக்கொடுக்கலாமா என்று இருந்தது. அவன் முழித்த முழி அப்படியே என் முழி.

அதற்குள் கேட்காமலேயே என் மகள் வாயைத் திறந்துவிட்டாள்.

“ஆறு பை டீச்சர். கடைசிப் பையில ரெண்டு கிலோதான் இருக்கும். பை நெறயலன்னு அந்தக் காயக் கீழயா கொட்ட முடியும்?”

மறுபடியும் எல்லோரும் சிரித்தார்கள். இந்தத் தடவை நானும் சிரித்தேன். பக்கத்து அம்மா இப்போது என்னைத் தாராளமாகப் பார்த்தார்.

பெரிய டீச்சர் என் பெஞ்சுக்கு வந்து தோளில் கை வைத்தார். “உம்மகளுக்குக் கணக்கு தெரியும்மா. வாய்ப்பாடுதான் வரல. வாய்ப்பாடு வந்து கணக்கு வரலன்னாத்தான் நான் யோசிக்கணும். நாலாப்புக்கு வரட்டும். ஆனா லீவுல வாய்ப்பாட்ட முடிச்சிரணும். ஒவ்வொண்ணுக்கும் இப்படிச் சுத்தி வந்தா பரீட்சைல மணி அடிச்சிரும்” என்றார். பிறகு அனிதா மிஸ் பக்கம் திரும்பி, “அடுத்த வருசம் காலையில பாட்டுக்கு முன்னாடி கொஞ்சம் புளியங்கொட்டையோ, பொத்தானோ குடுத்து அடுக்க விடுவோமா? நிதிஷுக்கு அது வேணும்” என்றார். அனிதா மிஸ் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையாட்டினார்.

அப்பாடா என்று இருந்தது எனக்கு. எத்தனையோ வாரங்களாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் இறங்கிவிட்டது. என் மகள் மக்கு இல்லை. அந்த வார்த்தையை நான் யாரிடமும் சொன்னதில்லை, வீட்டுக்காரரிடம்கூட. ஆனால் தினமும் சீப்பும் கையுமாக நின்றபோது அது என் மனதுக்குள் ஓடிக்கொண்டுதான் இருந்தது. எழுந்த வேகத்தில் சேலை ஆணியில் மாட்டிக் கிழிந்தது. கிழிந்தால் கிழியட்டும், தைப்பதற்குத்தான் வீட்டில் மிஷின் இருக்கிறதே.

வெளியே வேப்பமர நிழலில் ஜீப்போடு வீட்டுக்காரர் நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “என்ன புள்ள, அழுதியா? என்னாச்சு?” என்றார்.

“நாலாப்பு” என்றேன்.

அவர் தர்ஷினியை அப்படியே தூக்கி முன் சீட்டில் வைத்தார். “பின்ன? எங்க அக்கா ஸ்டோருல படிச்ச புள்ளயாக்கும்” என்று வண்டியை எடுத்தார். அவர் பக்கத்துச் சொந்தத்துக்குப் பெருமை சேர்ப்பதென்றால் மட்டும் மனிதருக்கு வார்த்தை தடங்கலின்றி வரும். அன்று விட்டுவிட்டேன்.

ஏழெட்டு

கோடை விடுமுறையில் பொத்தான் டப்பாவைத் தர்ஷினி கையில் கொடுத்துவிட்டேன். வரிசைக்கு எட்டு வைத்து ஏழு வரிசை அடுக்கினாள். ஒன்றொன்றாக எண்ணப் போகிறாள் என்று நான் பொத்தான் ஓட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டே பார்த்திருந்தேன். அவள் எண்ணவில்லை. நடுவில் ஸ்கேலை வைத்து ஐந்து வரிசையை மேலேயும் இரண்டு வரிசையைக் கீழேயும் பிரித்தாள்.

“அஞ்செட்டு நாப்பது. ரெண்டெட்டுப் பதினாறு. நாப்பதும் பதினாறும் அம்பத்தாறு. அதான் ஏழெட்டு அம்பத்தாறு.” பிறகு என்னை முறைத்தாள். “இத நீ அப்பவே சொல்ல வேண்டியதுதானம்மா?”

“எனக்கே இப்பத்தான்டி தெரியும்” என்றேன்.

நம்பாத மாதிரி பார்த்தாள். சோப்பு டப்பா கதையை அவளிடம் ஏற்கெனவே அளந்து வைத்திருந்தேன், எப்படி நம்புவாள்? ஆனால் நான் சொன்னது சத்தியம். அன்று மத்தியானம் அவள் தூங்கிய பிறகு, அதே பொத்தான்களை வைத்துப் பதினாறேழை நானும் பிரித்துப் பார்த்தேன். பத்தேழு எழுபது, ஆறேழு நாற்பத்திரண்டு. ஓடி வராமலேயே நூற்றுப் பன்னிரண்டு வந்துவிட்டது. தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டேன்.

அடுக்கி அடுக்கிப் பார்த்ததில், விடுமுறை முடிவதற்குள் வாய்ப்பாடு தானாகவே அவள் வாயில் ஏறிவிட்டது. பிறகு பாட்டாகவும் பாடினாள். பாட்டை நான் குறை சொல்ல மாட்டேன், நல்ல ராகம் அது.

பள்ளி திறந்த அன்று காலையில் வழக்கம்போல இட்லித் தட்டை வைத்தேன். வாசலில் சுமையா புதுப் பையோடு நின்று, “வெரசா வாடி” என்று கத்திக்கொண்டிருந்தாள். நான் பழக்க தோஷத்தில் ஓம வாட்டர் பாட்டிலை எடுத்துக்கொண்டு, “வயிறு எப்படிடி இருக்கு?” என்று கேட்டேன்.

“பசிக்குது. இன்னொரு இட்லி வையி.”

வைத்தேன். சட்னியை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, கையைக்கூட ஒழுங்காகக் கழுவாமல் ஓடினாள். பாட்டிலில் பாதி ஓம வாட்டர் அப்படியே இருந்தது. தொட்டியில் கொட்டிவிட்டு, பாட்டிலைக் கழுவி வெயிலில் கவிழ்த்தேன். இப்போது அதில் ஜாக்கெட் கொக்கி போட்டு வைத்திருக்கிறேன்.